கையைத் தூக்கினால் போதும்

ஊரில் பாதிப் பேருக்கு அவள் பல் டாக்டர். ஒரே ஒருத்தனுக்கு மட்டும் அண்ணி. அந்த ஒருத்தன்தான் அவளிடம் வருகிற நோயாளிகளிலேயே பெரிய தொல்லை.

கணவனின் தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவன் நுழைந்த நாள் கிடையாது. லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். பத்து மாடி உயரத்தில் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிறவன், அண்ணியின் சாய்வு நாற்காலியில் படுத்தால் மட்டும் வெலவெலத்துப் போவான். எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவனிடமும் அவள் சொல்வாள்: "வலிச்சா இடது கையைத் தூக்கு. உடனே நிறுத்திடுவேன்." அவள் ஊசியை எடுப்பதற்குள் கை மேலே போய்விடும்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நிறுத்துறீங்களான்னு பாத்தேன்."

ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. ஒருமுறை பதற்றத்தில் அவள் மணிக்கட்டையே பிடித்து இழுத்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கென்று தனிச் சட்டம்: தூக்காத நேரத்தில் இரண்டு கையும் தொடைக்கு அடியில் இருக்க வேண்டும்.

இப்படி ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவளுக்கும் ஒரு பயம் வந்து சேர்ந்தது. நாளெல்லாம் குனிந்து முதுகு பிடித்துக்கொண்டதால் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தாள். அப்புறம் ஓட்டம், அப்புறம் நீச்சல் குளம். மூன்றும் கைக்கு வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை, மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். சைக்கிளும் ஓட்டமும் பிரச்சினையில்லை. நீச்சல் ஏரியில்.

பழகிப் பார்க்கப் போன அன்று தலையை நீருக்குள் விட்டாள். தன் கையே தனக்குத் தெரியவில்லை. நீச்சல் குளத்தில் என்றால் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும். இங்கே கலங்கல் பச்சை, அதற்குக் கீழே என்னவோ. பெரிய விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு ஒரு வாயளவு இடத்திலேயே காலம் தள்ளியவள் அவள். அலறியடித்துக்கொண்டு கரையேறினாள். வீட்டில் கேட்டதற்கு, பாசி வழுக்கியது என்றாள்.

கணவன் நம்பினான். சின்னவன் நம்பவில்லை. சாக்குப்போக்கில் அவன் கரைகண்டவன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வரச் சொன்னதற்கு ஒரு வருஷமாக அவன் சொல்லிக்கொண்டிருப்பதும் இந்த மாதிரிச் சாக்குதான்.

"சரி அண்ணி, ஒரு பந்தயம். நீங்க அந்த ஏரியை முழுசா நீந்திடுங்க, மறுநாளே வந்து உங்க நாற்காலியில உக்காந்துடறேன். பாதியில ஏறிட்டீங்கன்னா, என் பல்லைப் பத்தி ஜென்மத்துக்கும் பேசக்கூடாது."

எக்ஸ்ரேயைப் பார்த்தவள் அவள். அந்தப் பல்லை விட்டுவைத்தால் தாடையையே கெடுத்துவிடும். அது மட்டும் இல்லையென்றால் போட்டியைத் தலைமுழுகியிருப்பாள். "சரிடா" என்றாள்.

போட்டியன்று காலையில் ஒலிபெருக்கியில் விதியைச் சொன்னார்கள். உதவி வேண்டுமென்றால் கையைத் தூக்கலாம், பாதுகாப்புப் படகு வரும். அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், தப்பில்லை. படகில் ஏறினால் மட்டும் போட்டி முடிந்தது. மீட்புக் குழுவுக்கு உதவியாகப் பெயர் கொடுத்திருந்த சின்னவனும் ஒரு துடுப்புப் படகில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

முதல் மிதவை வரைக்கும் எப்படியோ போய்விட்டாள். அங்கே யாரோ ஒருவரின் கால் முகத்தில் பட்டது. ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனது. மூச்சு வெளியே போகிறதே தவிர உள்ளே வரவில்லை. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கையைத் தூக்கினாள்.

அவள் கை இறங்குவதற்குள் சின்னவனின் படகு வந்துவிட்டது. விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். கூட வந்தவர்கள் எல்லோரும் முன்னே போய்விட்டார்கள்.

"அண்ணி, ஏத்தட்டுமா?"

ஏற்று என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகம் அவள் முகத்தைவிட வெளுத்திருந்தது. ஒரு இழு இழுத்தால் போதும். அவளும் பிழைத்தாள், அவன் பல்லும் பிழைத்தது. அவன் கைகள் அவளை நோக்கி வந்தன.

வந்த கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டான். துடுப்பை மடியில் குறுக்கே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"ஏத்துன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அடுத்த நிமிஷம் உள்ள இருப்பீங்க. சொல்ற வரைக்கும் என் கை வெளிய வராது. மெதுவா மூச்சு விடுங்க. அவசரமே இல்ல."

அவசரமே இல்ல. நாற்காலியில் கிடப்பவனிடம் அவள் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கூடப் பிறந்தவன்கூட இப்படி இருப்பானா என்று நினைத்தாள். படகு லேசாக ஆடியது. மூச்சு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

"சின்னவனே."

"சொல்லுங்க அண்ணி."

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வந்துடு. லேட்டாக்காதே."

விளிம்பை விட்டுவிட்டு நீந்தத் தொடங்கினாள். அடியில் அதே கலங்கல்தான், கை தெரியவில்லைதான். பயமும் போகவில்லை, கூடவே வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது மிதவையைத் தாண்டி, கரையில் கணவன் துண்டை ஆட்டுவது தெரிகிற தூரம் வந்ததும், இடது கையைத் தூக்கினாள். துடுப்பு சடசடவென்று நீரை அடிக்க, சின்னவன் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றான்.

"என்னாச்சு அண்ணி? என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லடா. வர்றியான்னு பாத்தேன்."