நேத்து மீன் கிடையாது

காலை ஐந்தே முக்கால். கோரிக்குப்பத்துக் கரை நெடுகப் படகுகள் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் கொளஞ்சி தன் மச்சான் சிலம்பரசனின் படகைத் தேடிக் கண்டுபிடித்தான். பச்சை ஃபைபர் படகு. கடலில் இருக்க வேண்டிய நேரத்தில் மணலில் கிடந்தது. வலை மடித்தபடியே இருந்தது.

போன் போட்டான். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான்.

“தூங்கிட்டான். இன்னைக்குன்னு பார்த்து.”

ஊருக்குள் ஒரு தெருவில் ட்யூப்லைட்டுகள் வரிசையாக எரிந்தன. கோயில் விசேஷம் போல என்று நினைத்தான். நின்று விசாரிக்க நேரமில்லை. பத்து மணிக்குச் சிதம்பரத்தில் ஒரு மேடையில் இருக்க வேண்டும்.

கடலூரில் அவன் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. வாசல் போர்டில் எழுதியிருப்பதையே பெயராக்கிவிட்டார்கள். ‘நேத்து மீன் கிடையாது.’ சென்னையில் பெரிய ஹோட்டல்களின் அடுப்பில் நின்றவன், அதை விட்டுவிட்டு வந்து இந்த மூன்று வார்த்தையை நம்பித்தான் கடை போட்டான். மச்சான் படகு கொண்டுவருவதுதான் அன்றைய சமையல். படகு போகாத நாளில் கத்தரிக்காய்.

ஆனால் இன்று கத்தரிக்காயோடு போய் மேடையில் நிற்க முடியாது.

கடைக்குத் திரும்பி ஐஸ் பெட்டியைத் திறந்தான். நேற்று மிஞ்சிய கானாங்கத்தை இருந்தது. அதுவும் மச்சான் படகு மீன்தான். ஒரு ராத்திரி ஐஸில் இருந்தது, அவ்வளவுதான். பெரும்பகுதியைக் குழம்பு வைத்தான். மேடையில் சுத்தம் செய்து காட்ட நாலைந்தை முழுதாக எடுத்து வைத்தான்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது மனைவி சந்திரலேகா கூப்பிட்டாள்.

“ஏங்க, ஊர்ல...”

“வண்டி ஓட்றேன். அப்புறம் பேசறேன்.”

வெள்ளாற்றுப் பாலத்தில் மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சிதம்பரம் வந்ததும் போனைச் சத்தமில்லாமல் வைத்தான்.

தெற்கு வீதியில் ஒரு ஹோட்டலின் மாடி. சமையல்காரர்களோடு இசைவாணி நடத்தும் உரையாடல். இணையத்தில் நேரலையாகப் போகும். சபையில் நூறு பேராவது இருந்தார்கள்.

“சிதம்பரத்துக்கு வந்துட்டு கொத்சு பத்திப் பேசாம மீனைக் கொண்டாந்திருக்கீங்க. தைரியம்தான்.”

“கொத்சு இங்க எல்லார் வீட்லயும் நல்லா இருக்கு. நான் வந்து கெடுக்கணுமா?”

சபை சிரித்தது. கொளஞ்சிக்குப் பதற்றம் கொஞ்சம் குறைந்தது.

“சமையல்ல கற்பனைன்னா என்ன?”

“பத்து பேர் வந்து வஞ்சிரம் கேக்கறாங்க. படகுல கானாங்கத்தைதான் வந்திருக்கு. அந்தப் பத்து பேரும் கானாங்கத்தை சாப்ட்டுட்டு, நாளைக்கும் இதுவே கிடைக்குமான்னு கேக்கணும். அதுதான்.”

“கடல்ல மீன் குறைஞ்சுட்டு வருதுங்கறாங்க. ஒரு செஃப் என்ன செய்ய முடியும்?”

“கடல் கிட்ட ஆர்டர் குடுக்காம இருக்கலாம். குடுக்கறத வாங்கிக்கணும்.”

“நீங்க பெண்ணாடம் பக்கம். கரும்பு ஊரு. கடலை யார் பழக்கினாங்க?”

“பொண்டாட்டி ஊரு. அங்க எனக்குப் பேரே கரும்புக்காட்டு மாப்ள. மறுவீட்டு விருந்துல நண்டை எப்படி உடைக்கறதுன்னு தெரியாம முழிச்சேன். என் மச்சான்தான் உடைச்சு உடைச்சு இலையில வெச்சான்.”

சின்னக் கிண்ணங்களில் குழம்பு வரிசை வரிசையாகப் போனது. முன்வரிசையில் ஹோட்டல் முதலாளி திருநாவுக்கரசு முதல் வாய் எடுத்துக் கண்ணை மூடினார்.

“இந்த மீன் எங்கேருந்து வருது?” என்றாள் இசைவாணி.

எங்கேருந்து என்றுதான் கேட்டாள். எப்போது என்று கேட்கவில்லை.

“கோரிக்குப்பம். என் மச்சான் சிலம்பரசன் படகு. இன்னைக்கு விடியக்காலையில பிடிச்சது. வலையை உதறின கையோட இங்க வந்திருக்கு.”

கைதட்டினார்கள். கைதட்டு ஓய்வதற்குள் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. அதிர்ந்தது. நிற்கவேயில்லை.

சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று இசைவாணி இடைவேளை விட்டாள். கேமராவை அணைத்தார்கள். கொளஞ்சி கை கழுவும் இடத்துக்குப் போய் போனை எடுத்தான்.

“என்ன சொன்னீங்க அங்க?” என்றாள் சந்திரலேகா.

“எங்க?”

“மேடையில. சிலம்பு இன்னைக்குக் கடலுக்குப் போனான்னு.”

“பேச்சோட பேச்சா வந்துடுச்சு. ஏன்?”

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் மேளம் கேட்டது. ஒப்பாரி கேட்டது.

“சுப்புராயன் சித்தப்பா ராத்திரி தவறிட்டாரு. நாட்டாரோட தம்பி. அதைச் சொல்லத்தான் காலையில கூப்பிட்டேன்.”

நாட்டார் கண்ணாயிரம்தான் ஊர்த் தலைவர். கோரிக்குப்பத்தில் சாவு விழுந்தால், எடுக்கிறவரைக்கும் ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. இறங்கினவன் படகைக் கரையேற்றிவிடுவார்கள். அப்புறம் ஊர் சொல்லும்வரை அவனுக்குக் கடல் இல்லை. அந்த ஊர் வழக்கத்தில் பாதி தெரியாத கொளஞ்சிக்கும் இது தெரியும்.

“பந்தல்ல பசங்க உங்களைத்தான் போன்ல பாத்துட்டு இருந்தாங்க. நம்ம மாப்ள பேசறாருன்னு. நாட்டார் காதுல விழுந்துடுச்சு. சிலம்பு பொணத்துக்குப் பக்கத்துல நின்னு சத்தியம் பண்றான். எவனும் நம்பல.”

“அவன் ஊர்லதான இருந்தான்? பார்த்தவங்க இருப்பாங்கல்ல?”

“பக்கத்து ஊருங்களுக்குத் துக்கம் சொல்ல அனுப்பியிருந்தாங்க. தனியா போனான். விடிஞ்சுதான் வந்தான். அதுவும் சேந்துக்கிச்சு. எஞ்சினைக் கழட்டிட்டாங்க.”

“நான் நாட்டார் கிட்ட பேசறேன். நேத்து மீனுன்னு சொல்லிடறேன்.”

“மச்சானைக் காப்பாத்தப் பொய் சொல்றாருன்னுதான் சொல்லுவாங்க. அப்படித்தான் நானும் நினைப்பேன். எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லுங்க.”

கொளஞ்சி கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“கடையை நினைக்கறீங்களா?”

“இல்ல.”

“நினைங்க. தப்பில்ல. அவனுக்கு இருக்கறது அந்தப் படகு ஒண்ணுதான். அதையும் நினைங்க.”

வைத்துவிட்டாள்.

கூடத்துக்குள் நுழைந்தபோது திருநாவுக்கரசு வழிமறித்தார். கையில் வழித்துத் துடைத்த கிண்ணம்.

“அன்னன்னைக்குப் பிடிச்சதுன்னா நாக்கு சொல்லிடுது தம்பி. நம்ம ஹோட்டல் கீழ்த்தளம் உங்க கடைக்குத்தான். அதே போர்டு. ஒரு எழுத்து மாறக் கூடாது.”

“சரிங்க சார்” என்றது கொளஞ்சியின் வாய்.

கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது. இசைவாணி அடுத்த கேள்விக்கு வந்தாள். பண்பாடு. ஒரு ஊரின் சாப்பாட்டை வெளியூர்க்காரர் ஒருவர் சமைத்து விற்கும்போது, அந்த ஊருக்கு அவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்? நீளமாகக் கேட்டாள். கொளஞ்சி சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சை வேறு பக்கம் திருப்பலாம். நேரலை முடிந்த பிறகு நேரில் போய்க் காலில் விழலாம். அதற்குள் பிணத்தை எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு ஊர் கூடி முடிவு சொல்லிவிடும்.

“செஃப்?”

“ஒண்ணு சொல்லணும். நீங்க சாப்ட்டது நேத்து மீன்.”

சபை சிரித்தது. இசைவாணியும் சிரித்தாள்.

“உங்க போர்டை நீங்களே கிண்டல் பண்றீங்க.”

“கிண்டல் இல்லைங்க. நேத்து மீன்.”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நன்றாகப் பேசுகிறவன் என்று அவனை முடிவு கட்டிவிட்டார்கள்.

கொளஞ்சி எழுந்தான். மேசைக்கு அடியில் இருந்த ஐஸ் பெட்டியை இழுத்தான். முழு மீன் ஒன்றை எடுத்துக்கொண்டு கேமராவுக்கு நேராகப் போனான். சட்டைக் கையில் தண்ணீர் ஒழுகியது. கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பிடித்தான். சிவப்பு போய்ப் பழுப்பேறியிருந்தது.

“இங்க இருக்கறவங்களுக்கு இது தெரியாது. கோரிக்குப்பத்துல பாக்கறவங்களுக்குத் தெரியும். கண்ணைப் பாருங்க, உள்ள போயிருக்கு.” வயிற்றை அமுக்கினான். குழி விழுந்தது. விழுந்தபடியே இருந்தது. “எழும்பல. இது நேத்து காலையில கரையேறின மீன். என் மச்சான் இன்னைக்குக் கடலுக்குப் போகல. நான் சொன்னது பொய்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. யாரோ கிண்ணத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு கிண்ணம். திருநாவுக்கரசு கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். மடித்து, மறுபடி துடைத்தார். கேமராக்காரன் இசைவாணியைப் பார்த்தான். நிறுத்து என்று அவள் சொல்லவில்லை.

மேசை மேல் போன் அதிர்ந்தது. நாட்டார் என்று வந்தது. கைகளில் மீன் பிசுக்கு. சுண்டுவிரலால் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டான்.

“மாப்ள.”

கண்ணாயிரத்தின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அங்கே மேளம் நின்றிருந்தது.

“சொல்லுங்க மாமா.”

“செவுளைப் பார்த்தோம். நேத்து மீன்தான். எஞ்சினை மாட்டச் சொல்லிட்டேன்.”

கொளஞ்சி மீனை மேசையில் வைத்தான்.

“மாமா, தம்பிக்கு இப்படி ஆனது எனக்கு...”

“இருங்க. காலையில உங்க வண்டியைக் கரையில பாத்ததா பொம்பளைங்க சொல்றாங்க. வந்தீங்களா?”

“வந்தேன் மாமா.”

“அத்தனை படகும் மணல்ல கெடந்துச்சே. எங்க ஊர்ல பொண்ணு எடுத்தவரு. ஏன்னு ஒரு ஆளைக் கேக்கத் தோணலையா, மாப்ள?”