ஸ்கோப்பு யார் சைக்கிளில்?

சசிகுமாருக்கு வயிறு எரிந்தது. அதுவும் வேறு யாரையும் பார்த்து இல்லை, சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் சைக்கிளில் போய்ப் பறவை பார்க்கிறவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் சசிகுமார் அதில் பெரிய ஆள். பறவைப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இறக்கை நிறத்தை ஒப்பிப்பான். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பறவையை யார் முதலில் பார்த்தார்களோ அவர்கள் பெயரோடுதான் செய்தி போட வேண்டும். அநேகமாக அவன் பெயர்தான் வரும்.

பிறகு அவன் பெண்டாட்டி துளசி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதா என்று ஒரு பழைய சைக்கிளை வாங்கி, "நானும் வரேங்க" என்றாள். இவனும் மகிழ்ந்துபோய் சீட்டை இறக்கி, பிரேக்கைச் சரி செய்து கொடுத்தான். பாவம், வரப்போவது மனுஷனுக்குத் தெரியாது. மருந்துக் கடை கவுண்டரில் நாளெல்லாம் நின்று பழகிய கால் அவளுக்கு. மிதித்தால் நிற்காது. இவன் கேரியரிலோ தூரத்துப் பறவையைக் கிட்டே காட்டும் ஸ்கோப்பு, அதற்கு மூன்று கால் ஸ்டாண்டு, மழைக்கோட்டு, தண்ணீர், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். இவன் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவள் முன்னால் நின்று கை காட்டிக்கொண்டிருப்பாள். இவன் கண்ணுக்கு வால்தான் கிடைக்கும், அதுவும் பறந்து போகிற வால்.

கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் அவள் ஒரு அபூர்வ மீன்கொத்தியைப் பிடித்துவிட்டாள், கண்ணால்தான். "இனிமே அண்ணிதான் லீடர் லா!" என்று குழுவில் கணேஸ்வரன் போட்டான். பூவும் கைதட்டலுமாக ஒரே அமர்க்களம். சசிகுமார் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன என்று கேட்டதற்குப் பல் வலி என்றான்.

அவன் நாலு வருஷமாகத் தேடுவது மயில் உள்ளான் என்கிற பறவையை. சுங்கை புரோங் வயல்களில் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள், இவன் கண்ணில் மட்டும் பட்டதில்லை. புல்லுக்குள் பதுங்கிவிட்டால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அதையும் இவளே பார்த்துத் தொலைத்துவிட்டால்?

அந்த ஞாயிறு காலையில் தஞ்சோங் காராங்கில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "துளசி, என் கேரியர் ஆடுது. இன்னைக்குச் சாமானெல்லாம் உன் சைக்கிள்ல கட்டிக்கலாமா?" என்றான்.

கேரியருக்கு ஒரு கேடும் இல்லை. துளசி கேரியரைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். "கட்டுங்க" என்றாள்.

பழைய டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டினான். எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு சட்டைப்பையில் இருந்த போனையும் எடுத்து அவள் பைக்குள் போட்டான். போன் என்ன கனம் கனக்கும்? புத்தி கெட்டால் அப்படித்தான்.

கழுத்தில் பைனாகுலரோடு வாய்க்கால் ஓரத்து மண் பாதையில் சிட்டாகப் பறந்தான். திரும்பிப் பார்த்தால் துளசி தூரத்தில் ஒரு புள்ளி. வா இப்ப, பார்க்கலாம்! கொக்கு இருந்தது, நாரை இருந்தது, மயில் உள்ளான் இல்லை. பாதை முடிகிற மதகில் நின்று காத்திருந்தான். அவள் வரவில்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, பாரம் சாய்த்து வாய்க்காலில் விழுந்துவிட்டாளோ என்று திக்கென்றது. போன் செய்யலாம் என்று சட்டைப்பையைத் தடவினான். அட கடவுளே!

அடித்துப் பிடித்துக்கொண்டு திரும்பினான். பாதி வழியில் ஸ்கோப்பை நிறுத்தி, பக்கத்தில் முழுசாக நின்றுகொண்டிருந்தாள் துளசி. முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"மயில் உள்ளானுங்க! இப்பத்தான் உள்ள போச்சு," என்றாள். "நீங்க தாண்டிப் போற வரைக்கும் பதுங்கியே இருந்திருக்கும். நான் இந்தப் பாரத்தை இழுத்துக்கிட்டு ஊர்ந்து வந்தேனா, ஆள் போயாச்சுன்னு நெனச்சு வெளிய வந்துருச்சு. கத்திக் கூப்பிட்டா ஓடிரும். உங்களுக்குப் போன் அடிச்சேன், என் பையிலேயே நடுங்குது. படம் எடுக்கப் பார்த்தேன், கை ஆடிப் போச்சு."

அவன் ஸ்கோப்பில் கண்ணை வைத்தான். புல் அசைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவள் பைக்குள் அவன் போன் விடாமல் நடுங்கியது. எடுத்துப் பார்த்தான். குழுவில் துளசி போட்ட செய்தி: 'சுங்கை புரோங்கில் மயில் உள்ளான். முதலில் பார்த்தவர் சசிகுமார்.' அதன் கீழே வாழ்த்து மேல் வாழ்த்து. 'பின்னிட்டீங்க அண்ணே! நாலு வருஷம் லா!' என்று கணேஸ்வரன்.

"ஏன் என் பேரப் போட்ட?"

"என் பேரப் போட்டா உங்களுக்குப் பல் வலி வரும்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒரு வாரம் திரியற ஆளோட என்னால குடித்தனம் பண்ண முடியாதுங்க. பறவைய நீங்களே வெச்சுக்குங்க. அடுத்த வாரத்துல இருந்து நான் வரல."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவள் வராத ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தான். அவளுக்கு முன்பும் தனியாகத்தானே போய்வந்தான்? இப்போது அது பிடிக்கவில்லை.

போன் மறுபடி நடுங்கியது. 'ஆணா பெண்ணா அண்ணே?' என்று கணேஸ்வரன் கேட்டிருந்தான்.

ஏதாவது ஒன்றை அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கட்டைவிரல் கிளம்பிவிட்டது. துளசி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படி இருந்துச்சு, துளசி?" என்றான் மெதுவாக.

"ரெண்டு இருந்துச்சுங்க. ஒண்ணு நல்ல கலரு. கழுத்து செங்கல் மாதிரி, கண்ணைச் சுத்தி வெள்ளை. ராஜா மாதிரி முன்னால போச்சு. அதான் ஆம்பளை போல. மங்கலா இருந்த இன்னொண்ணு அது பின்னாலயே போச்சு."

சசிகுமார் போனில் எழுதினான்: 'ஜோடி. பெண் முன்னால், ஆண் பின்னால். பார்த்தது துளசி. நான் பார்க்கவே இல்லை.'

துளசி தன் போனில் படித்தாள். "என்னங்க, மாத்திப் போட்டுட்டீங்க?"

"மாத்தல. இந்தப் பறவையில கலரா இருக்கறதுதான் பொம்பளை. மங்கல்தான் ஆம்பளை. அடைகாக்கறது, குஞ்சு மேய்க்கறது எல்லாம் அதுதான்." குனிந்து அவள் கேரியரில் இருந்த ரப்பரை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அப்ப பின்னால போனது ஆம்பளையா?" துளசி ஆச்சரியமாகப் புல்லைப் பார்த்தாள். "அதுக்குப் பல் வலி இருந்த மாதிரியே தெரியலையே."

அவன் ஸ்கோப்பைத் தன் சைக்கிளில் ஏற்றினான். ஸ்டாண்டை ஏற்றினான், கோட்டை ஏற்றினான், தண்ணீரையும் ஏற்றினான்.

துளசி சைக்கிளில் ஏறி உட்கார்ந்து திரும்பினாள். "கேரியர் ஆடுதான்னு நல்லாப் பார்த்துக்குங்க. அடுத்த வாரமும் நீங்கதான் தூக்கணும்."