சர்வேயரின் சட்டைப் பை

1

இந்தக் கதை என் அக்காவின் தையல் கடையில், என் கண் முன்னால் நடந்தது. அதிர்ச்சி இன்னும் தீரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இரவு ஷிப்ட் வேலையை உதறிவிட்டு அவள் கடையின் பின்னறையில் படுத்துக் கிடப்பவன் நான். நேரம் உண்டு. திறமையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

முதல் தொடக்கம்: 'மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி உடைந்த அன்று வானம்...'

வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொட்டி உடைந்தது. கூரை ஒழுகியது. அக்காவின் ஒரே மோட்டார் மெஷின் ஊறிப்போனது. இன்சூரன்ஸ் இருந்தது. புது மெஷினுக்கான பணம் வந்தால் கடை பிழைக்கும். ரிப்பேர் காசு மட்டும் வந்தால் இழுத்து மூட வேண்டியதுதான்.

2

இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார் என்றதும் அக்கா கடையைக் கழுவினாள். சுவரில் இருந்த ஈரக்கறைக்கு மேல் வெள்ளையடித்தாள். மெஷினுக்கு எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்தாள்.

"ஏன்க்கா, சேதத்தைப் பாக்கத்தானே வர்றாரு?"

"அதுக்கு? வெளியாள் வர்ற இடத்தைக் குப்பையா வெச்சிருப்பாங்களா?"

(நல்ல எழுத்தாளர் யாராவது இங்கே அக்காவைக் கொஞ்சம் புத்திசாலியாக்கியிருப்பார். நானும் முயன்றேன். அவள் விடவில்லை.)

3

"பளிங்கு மாதிரி இருக்கு. சேதம் எங்கம்மா?" என்றார் சர்வேயர்.

"மெஷின் ஓடலைங்க சார். சூடாகி நின்னுடுது."

"பழைய மெஷின். ரிப்பேர் செலவு தர்றோம்."

"எது பழசு? தொட்டி உடையறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் மோட்டாரைப் புதுசா மாத்தினேன். ரிப்பேர்காரரே கையை விரிச்சிட்டாரு."

இழுபறி நடந்தது. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்.

"சரிம்மா, ஓடாதுன்னே எழுதிடறேன்."

பேனா எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டார். பையின் ஓரம் பிரிந்து தொங்கியது. அக்கா பார்த்துவிட்டாள்.

"அய்யே, இப்படியேவா ஊர் சுத்தறீங்க? கழட்டுங்க சட்டையை."

கழற்றினார். அக்கா அதட்டினால் யாரும் கழற்றுவார்கள். அவள் சட்டையை மெஷினில் வைத்து, சுவிட்சைத் தட்டி,

"அக்கா, வேண்—" என்று நான் கத்தி முடிப்பதற்குள்

மெஷின் ஓடியது.

(நம்ப மாட்டீர்கள். பேரத்தில் ஜெயித்தவள், பிரிந்த தையலைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்தாள்.)

"என்னம்மா, ஜோரா ஓடுதே!"

அப்போது மோட்டார் உறுமியது. கருகல் வாடை வந்தது. பாதிப் பையில் குத்திய ஊசியோடு மெஷின் நின்றது.

4

பனியனோடு நின்றார் சர்வேயர்.

"சட்டையைக் குடும்மா."

"வராது சார். நூல் சிக்கி இறுகிடுச்சு, சக்கரம் அசையல. வெட்டித்தான் எடுக்கணும்."

"புதுச் சட்டைம்மா! பொண்டாட்டி எடுத்துக் குடுத்தது!"

"என் மோட்டாரும் புதுசுதான் சார்."

"ஓடினதை நானே பாத்தேன்."

"நின்னதையும் நீங்கதானே பாத்தீங்க?"

முதல் முடிவு: அவர் வாய்விட்டுச் சிரித்து, முழுத்தொகைக்கும் எழுதித் தருகிறார். பொய். யாருமே சிரிக்கவில்லை.

இரண்டாவது முடிவு: அக்கா சட்டையை வெட்டுகிறாள், அவர் கோபத்தில் 'மெஷின் ஓடியது' என்று...

அந்த வரியை அடித்துவிட்டேன். அக்கா படித்தால் சோறு கிடைக்காது.

பேனா அவர் கையில். கத்தரிக்கோல் அக்கா கையில். அவர் முதலில் எழுதுவதா, அவள் முதலில் வெட்டுவதா என்று இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். முடிவெடுத்துப் பழகியவனாக இருந்தால் நான் ஏன் பின்னறையில் கிடக்கிறேன்? உங்கள் பக்கம் கையைக் காட்டிவிட்டேன்.

சீக்கிரம் சொல்லுங்கள். பனியனில் நிற்கிறார்.