மாடியிலிருந்து வந்த கரன்ட்

அவரை எல்லோரும் செக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆயுள் முழுக்கப் பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் பரிசோதித்தவர். டிக்கெட் எடுத்தவனையும் எடுக்காதவனையும் ஒரே மாதிரி முறைத்துப் பழகிய கண், வேலையை விட்ட பிறகும் மாறவில்லை.

மாடியில் அவருடைய தம்பி குடியிருந்தான். அப்பா செத்து வீட்டைப் பிரித்தபோது காற்றோட்டமான பாகத்தைத் தம்பி அமுக்கிக்கொண்டான் என்று இவர் ஊரெல்லாம் சொல்லப்போய், பேச்சுவார்த்தை நின்றது. மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார்.

புயலில் கம்பங்கள் சாய்ந்து தெருவே இருண்டபோது தம்பிதான் முதலில் இறங்கி வந்தான். கையில் நீளமாக ஒரு வயர்.

"அண்ணே, மேல ஜெனரேட்டர் வச்சிருக்கேன். அண்ணியோட இன்சுலின் கெட்டுப்போயிடும். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் ஒரு லைன் தர்றேன்."

செக்கரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்துக்காக மட்டுமில்லை. 'அண்ணே' என்ற சொல் அந்த வீட்டுக்குள் கேட்டு எத்தனை காலம்! செக்கரும், "உக்காருடா" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம். தம்பி காப்பி குடித்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். ஃப்ரிட்ஜ் ஓடுகிறதோ இல்லையோ, இந்தப் போக்குவரத்து நிலைக்க வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

ஒரு காலையில் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது, பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

"எல்லாம் அந்த ஜெனரேட்டர் கரன்ட்டு பண்ண வேலைதான்" என்று வாசலிலேயே தீர்ப்பு சொன்னார் செக்கர்.

"இருங்க சார். நோயாளிய நான் பாக்கறதுக்குள்ள நீங்களே எடுத்துப் புதைச்சுடாதீங்க."

மெக்கானிக் வயரின் முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தான். மாடிக்குப் போய் ஜெனரேட்டரையும் பார்த்துவிட்டு வந்தான். கரன்ட்டில் குறை இல்லை. மேல்வீட்டு ஃப்ரிட்ஜும் அதில்தான் ஜோராக ஓடுகிறது என்றான். பிறகு ஃப்ரிட்ஜைச் சுவரைவிட்டு இழுத்து, மோட்டார் பக்கத்தில் இருந்த, அதைக் கிளப்பிவிடும் சின்ன ரிலேயைக் கழற்றிக் காதருகே குலுக்கினான். கலகலத்தது. புதிதாக ஒன்றை மாட்டினான். மோட்டார் ஒரு முக்கு முக்கிவிட்டு அடங்கியது. தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டான்.

"மோட்டார் உள்ள கம்பிச்சுருளே எரிஞ்சு போச்சு. யாராவது ப்ளக்கப் புடுங்கிப் புடுங்கி மாட்டினீங்களா? ஓடற மோட்டார நிறுத்தினா கொஞ்சம் மூச்சு வாங்க விடணும். உடனே மாட்டினா சுத்த முடியாம முக்கும். அதையே திரும்பத் திரும்பப் பண்ணினா வெந்துடும்."

தம்பி படியிறங்கி வந்து நின்றான். "என் லைன்லயா கோளாறு?"

"வேற எதுல?" என்றார் செக்கர். "இங்க ப்ளக்க ஒருத்தரும் தொடல. நல்லத நீ எடுத்துக்கிட்டு மிச்சத்தக் கீழ தள்ளியிருப்ப."

"கரன்ட் என்ன பாலாண்ணே, தண்ணி கலந்து ஊத்த?"

மெக்கானிக் சிரித்துவிட்டான். செக்கர் சிரிக்கவில்லை. தம்பி முகம் சுருங்கி, "சரிண்ணே, என்னாலதான்னா நானே புது மோட்டார் போட்டுத் தர்றேன்" என்றான்.

"அதான் நியாயம்."

அதற்குமேல் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"எது நியாயம்? தம்பி, இவர்தான் புடுங்கினாரு. மேல நீங்க சிரிச்சா புடுங்குவாரு, ஜெனரேட்டர் சத்தம் மாறினா புடுங்குவாரு. ஃப்ரிட்ஜ் ப்ளக்க எடுத்துட்டு அதே ஓட்டையில மேஜை விளக்கச் சொருகி, வெளிச்சம் மங்குதான்னு பாப்பாரு. பாத்துட்டுத் திரும்ப ஃப்ரிட்ஜ மாட்டுவாரு. நீங்க எங்களுக்கு மட்டும் கரன்ட்டக் கொறைக்கிறீங்களாம்."

கொழுந்தன் மேல் விழுந்த பழியைத் துடைக்கத்தான் சொன்னாள். சொன்னது எங்கே போய்க் குத்தும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

தம்பி சன்னலில் தொங்கிய வயரைப் பார்த்தான். "மோட்டார் கெடக்கட்டும்ணே. அண்ணி மருந்துல போய் நான் விளையாடுவேன்னு நெனச்சீங்களே."

ஒரு வார்த்தை போதும். 'தெரியாமப் பண்ணிட்டேன்டா' என்று ஒன்று செக்கருக்குத் தொண்டைவரை வந்தது. ஆனால் பஸ்ஸில் டிக்கெட் வைத்திருந்தவனைத் தவறாகப் பிடித்தபோதுகூட அவர் மன்னிப்பு கேட்டதில்லை. அடுத்த சீட்டுக்காரனிடம் கையை நீட்டிவிடுவார். அந்த வழக்கம்தான் முந்திக்கொண்டது.

"அதெல்லாம் இருக்கட்டும். வயர் விடறேன்னு சன்னல் கட்டையக் குடைஞ்சியே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

தம்பி விறுவிறுவென்று மாடிக்குப் போனான். சன்னல் வழியாக வயர் பாம்புபோல் நெளிந்து மேலே ஏறுவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்து டப்பாவை எடுத்து ஈரத்துணியில் சுற்றினாள்.

"எங்க போற?"

"மேல. இனிமே ஊசியும் அங்கயே போய்ப் போட்டுக்கறேன். இல்லேன்னா அதையும் விளக்குல காட்டிப் பாப்பீங்க."

அவள் படியேறிப் போனதும் செக்கர் மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா, வயரப் புடுங்கிட்டான். என்னைக்கா இருந்தாலும் புடுங்குவான்னு எனக்குத் தெரியும். நான்தான் சொன்னேனே!"

மெக்கானிக் தலையை நிமிர்த்தாமல் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.