இன்னும் ஒரு மண்டபம்

பாழடைந்த கோயில் நகரத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியால் அதை விட்டு வெளியே வர முடியாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பியபோது. அன்று கூட்டிப்போன குடும்பம் யானை லாயத்தையும் தலையில்லாத நந்தியையும் ராணி குளித்த குளத்தையும் பார்த்துக் களைத்து, வாசலைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் நடந்தவருக்கும் வாசலுக்கும் நடுவில், காலையில் இல்லாத ஒரு மண்டபம் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போனால், அப்பால் இன்னொன்று.

நகரத்தைக் குறை சொல்ல முடியாது. "அவ்வளவுதான்" என்ற சொல் அந்த மனிதர் வாயில் வந்ததே இல்லை. கால் வலிக்கிறது என்று கெஞ்சுகிறவர்களைக்கூட, "இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்குங்க, அதப் பாக்காம போனா வந்ததே வேஸ்ட்டு" என்று இழுத்துக்கொண்டு போவார். காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் ஏதாவது மொட்டைக் கல்லைக் காட்டி, அதன்மேல் ஒரு ராணியைச் சாகடிப்பார். வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த நகரம் அதை நம்பிவிட்டது.

வீடு வாசலுக்கு வெளியே, சைக்கிள் கடைக்கும் அப்பால் இருந்தது. தையல்காரியான அவர் மனைவிக்கு அப்போது நிறைமாதம். டிபன் கேரியரில் சோறு கொண்டுவந்தவள், ஒருநாள் அவர் கையை இறுக்கிப் பிடித்தபடி வாசலைத் தாண்டினாள். தாண்டிய பிறகு பார்த்தால் அவள் பிடிக்குள் கை இல்லை. மகள் பிறந்த சேதியை டிக்கெட் கிழிப்பவர் வந்து சொன்னார். வழிகாட்டி ஒரு தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அந்தப் பிள்ளை டிக்கெட் வாங்கித்தான் அப்பாவைப் பார்த்து வளர்ந்தது.

மண்டபம் முளைக்கும்போதெல்லாம் மதில் வெளியே நகர்வதைக் கவனித்தவள் மனைவிதான். "சைக்கிள் கடை இப்ப உள்ள வந்துடுச்சு, பாத்தீங்களா? நீங்க வெளிய வரவே வேணாம். தினமும் நம்ம வீட்டப் பாத்து நடங்க, போதும்" என்றாள். அவர் நடந்தார். மழையோ வெயிலோ, நடந்தார். கூரை போய்த் தூண்களில் யாளி முளைத்துவிட்ட கடையில் சைக்கிள்காரர் அவரைத் திட்டிக்கொண்டே பஞ்சர் ஒட்டினார்.

மகள் பள்ளிப்படிப்பை முடித்த வருடம் மதில் வீட்டைத் தாண்டிப் போனது. கூரை மறைந்தது, நிலைப்படி கல்லானது, தையல் மெஷின் மட்டும் அப்படியே இருந்தது. கல்யாணமான நாள் முதல் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட வராதவர், சமையலறையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டார். நிலைப்படியில் சுற்றுலாக் கூட்டம் நெருக்கியடித்தது. "அடுத்து என்னங்க இருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. எதிரே மகள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதாங்க. இதுக்கு மேல பாக்க ஒண்ணுமில்ல" என்றார்.

அதற்குப் பிறகு மண்டபம் எதுவும் முளைக்கவில்லை. நகரவாசல் இப்போது அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில், எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. அவர் இதுவரை தாண்டிப் பார்க்கவில்லை. வீட்டில் யாரும் பார்க்கச் சொல்லவும் இல்லை. அதன் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள்.