முளை கிள்ளிய சம்பந்தி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் சம்பந்தியம்மாள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

வந்ததைக் குறை சொல்லவில்லை. மருமகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டால், பெற்றவள் ஓடி வராமல் வேறு யார் வருவார்கள்? மூடி போட்ட பெரிய பிரம்புக் கூடை ஒன்றோடு வந்து இறங்கினார். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். அங்கே ரொட்டி வந்து இறங்கிய கூடையாம். ஓய்வு பெறும்போது கேட்டு வாங்கிக்கொண்டாராம். அவருடைய துணிமணியெல்லாம் அதற்குள்தான்.

நான் மட்டும் லேசுப்பட்டவளா? ஆயுசில் பாதியை டிரைவிங் ஸ்கூல் வண்டியில், ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கழித்தவள். அந்த சீட்டுக்குக் கீழே எனக்கென்று தனி பிரேக் உண்டு. வேலையை விட்ட பிறகும், யாராவது எதையாவது தப்பாகச் செய்தால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். சம்பந்தி என் சமையலறையில் புழங்கத் தொடங்கியதிலிருந்து அந்தக் காலுக்கு ஓய்வே இல்லை. டீத்தூள் டப்பா இடம் மாறியது. கத்திகள் உயர வாரியாக வரிசை கட்டின. நாலு பேர் இருக்கிற வீட்டில் கல்யாணத்துக்கு நறுக்குகிற மாதிரி வெங்காயம் நறுக்கினார். கடைசியில் எனக்கென்று மிச்சமிருந்தது ஹால் ஜன்னலும் பால்கனியும்தான்.

அந்தப் பால்கனியில் உருளைக்கிழங்கு போட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. போன வருடம் கடைக் கிழங்கையே மண்ணில் புதைத்துப் பார்த்தேன். முளைக்காமலிருக்க மருந்தடித்த சரக்கு போலிருக்கிறது. ஒன்றுகூட எட்டிப் பார்க்காமல் உள்ளேயே அழுகிவிட்டது. இந்தத் தடவை நர்சரியில் சொல்லி வைத்து விதைக்கிழங்காகவே வாங்கி வந்தேன். முட்டை அட்டையின் குழிகளில், முளை வருகிற கண் மேலே பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக நிறுத்தி, நேர் வெயில் விழாத ஜன்னலோரம் வைத்தேன். சில வாரங்களில் ஒவ்வொரு கிழங்கின் தலையிலும் ஊதா நிறத்தில் ஒரு முளை, குட்டையாக, கெட்டியாக எழும்பி நின்றது. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். "கிழங்குக்கெல்லாம் குட்மார்னிங் சொல்லியாச்சாம்மா?" என்று மகன் கேலி செய்துவிட்டுத்தான் டைல்ஸ் கடைக்குக் கணக்கெழுதக் கிளம்புவான்.

ஒருநாள் நடந்துவிட்டு வந்து பார்த்தால், அட்டையில் ஒரு முளைகூட இல்லை. கிழங்குகள் பளிச்சென்று கழுவித் துடைக்கப்பட்டு, அதே குழிகளில் அதே ஒழுங்கோடு உட்கார்ந்திருந்தன. சம்பந்தி சிரித்த முகமாக வந்தார். எங்கள் கேன்டீனில் முளை விட்ட கிழங்கு வாணலிக்கே போகாது, நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது, எல்லாவற்றையும் நானே சுத்தம் பண்ணி வைத்துவிட்டேன் என்றார். எதையும் முளையிலேயே கிள்ளி எறிய வேண்டும் என்று சொல்வார்களே, அதை அட்சரம் பிசகாமல் செய்து வைத்திருந்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். சம்பந்தி உடைத்தால் என்ன குடம் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.

அவை விதைக்கு வைத்தவை என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. அதோடு விட்டிருக்கலாம். நான் விடுகிற ஜாதியா? சாயங்காலம் மகன் வந்ததும் ஹாலில் வைத்து, "கட்டுதான் பிரிச்சாச்சே, அவ நடக்கவும் ஆரம்பிச்சுட்டா. இன்னும் எத்தனை நாளைக்குடா இவங்க?" என்றேன்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள்; எங்கள் வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரே கிடையாது.

சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். கோபமில்லை, அழுகையில்லை. "நான் கெடுத்ததை நானே சரி பண்ணிட்டுப் போறேன் சம்பந்தி. இதையே நட்டு, விளைஞ்ச கிழங்கைத் தோண்டின மறுநாள் கிளம்பிடறேன்."

நான் "சரி" என்றேன். ஒரே ஒரு வார்த்தை. மருமகள் அதற்கப்புறம் சில நாள் என்னிடம் அளந்துதான் பேசினாள்.

கிழங்குகளுக்கு ரோஷம் அதிகம் போலிருக்கிறது. மறுபடி முளைத்தன. முன்பு தலையில் ஒன்றே ஒன்று நின்ற இடத்தில், இப்போது பக்கத்துக் கண்களிலெல்லாம் மூன்றும் நாலுமாக எட்டிப் பார்த்தன. நர்சரிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். உச்சி முளை இருக்கும்வரை மற்றதை எழும்ப விடாது, அதனால் சிலர் வேண்டுமென்றே அதைக் கிள்ளுவார்கள், கிழங்கு கொஞ்சம் சிறுத்தாலும் நிறைய விழும் என்றார். சம்பந்தியிடம் இதை ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை; சொல்லிவிட்டேன். "தலைமைச் சமையல்காரி லீவு போட்டாதான் மத்தவங்க வேலை செய்வாங்க. எங்க கேன்டீன்லயும் அதே கதைதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

சாக்குகளின் வாயைச் சுருட்டி மடித்து, பாதி வரைக்கும் மண் போட்டு, ஆளுக்கொரு பக்கம் குனிந்து கிழங்கு வைத்தோம். செடி உயர உயர, சாக்கின் மடிப்பைப் பிரித்து மேலே மண் அணைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சை விழுந்து கசக்கும் என்று நான் சொன்னதும் சம்பந்தி அப்படியே நின்றுவிட்டார். பச்சைக் கிழங்கை மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறாராம். அது வெளிச்சம் பார்த்த கோளாறு என்று அன்றைக்குத்தான் தெரியுமாம். அப்புறம் மண் அணைக்கிற வேலையை என்னைத் தொட விடவில்லை. தண்ணீர் ஊற்றுவதில் எங்களுக்குள் தினம் ஒரு சண்டை. அவர் அண்டா கணக்கில் ஊற்றப் பார்ப்பார், நான் பிரேக் போடுவேன். சண்டை முடிந்ததும் டீ. அந்த டீ எப்போது பழக்கமானது என்று எனக்கே தெரியாது.

அப்படி டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் செடிகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. அவருடைய வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு அறை, ஒரு அடுப்பு, அவர் ஒருத்தி. "நானூறு பேருக்கு உப்பு போட்ட கை சம்பந்தி. ஒருத்திக்குப் போட வரல. ஒரு நாள் கரிக்குது, ஒரு நாள் சப்புன்னு இருக்கு. பாதி நாள் ரெண்டு பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்துடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். இவர் வருவதற்கு முன்னால் நான் மட்டும் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? கிழங்கோடுதான். இவர் போகக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் "சரி" என்று சொன்ன வாயால் எப்படி "இருங்கள்" என்பது? வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். பிரேக்கை மிதித்தேன். இலை மஞ்சளானபோது, தண்டு காயட்டும் என்றேன். தண்டு காய்ந்தபோது, தோல் கெட்டிப்படட்டும் என்றேன். அப்புறம் இடுப்பு வலி, அப்புறம் மழை வரும் போலிருக்கிறது. செடி சருகாகி ஒடிந்து விழுந்த பிறகும் பக்கத்தில் போய் நின்று, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று சொன்னபோது, மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"இனிமே விட்டா உள்ளயே அழுகிடும் சம்பந்தி. ஞாயித்துக்கிழமை தோண்டிடலாம்" என்றார் அவர். சனிக்கிழமையே பிரம்புக் கூடை மூடி கட்டிக் கதவோரம் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பழைய திரைச்சீலை ஒன்றை விரித்து, மகன் ஒவ்வொரு சாக்காகக் கவிழ்த்தான். மண்ணோடு கிழங்குகள் உருண்டு வந்தன. கைப்பிடி அளவில், எலுமிச்சை அளவில், கோலி அளவில். அள்ள அள்ளத் தீரவில்லை. சம்பந்தியின் கை கண்ணிமைக்கும் நேரத்தில் பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று பிரித்துப் போட்டது. அடிபடாத பொடிசுகளை மட்டும் அடுத்த தடவை விதைக்கு என்று நான் தனியே எடுத்து வைத்தேன். பெரியவற்றை அவர் வேகவைத்து, உப்பும் வெண்ணெயும் போட்டுக் கொண்டுவந்தார். உப்பு கனகச்சிதம். மருமகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்குக் காலையில் முதல் பஸ் என்று சம்பந்தி ஆரம்பித்தார். நான் எழுந்தேன். கதவோரம் இருந்த கூடையை இழுத்து வந்து கட்டை அவிழ்த்தேன். மடித்து வைத்த துணியை எல்லாம் எடுத்து சோபாவில் வைத்தேன். கூடைக்குள்ளே அடியில் செய்தித்தாளை விரித்து, விதைக்கிழங்கை ஒவ்வொன்றாக அடுக்கினேன். மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"விதைக்கிழங்கு இருட்டா, காத்தோட்டமா இருக்கணும். மூடி போட்ட பிரம்புக் கூடைதான் சரி" என்றேன், நிமிர்ந்து பார்க்காமல். "முளை கட்ட மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கூடை இந்த வீட்டை விட்டு அசையக் கூடாது."

சம்பந்தி கூடையையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அப்ப என் துணியை எதுல வெக்கறது?"

"என் பீரோல நடுத் தட்டு. காலையிலயே ஒழிச்சு வெச்சுட்டேன்."

சம்பந்தி சோபாவிலிருந்த துணியை இரண்டு கையாலும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். என் அறை வாசல் வரை போனவர் திரும்பி நின்றார். கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் பழைய கேன்டீன் மிடுக்கு. "கவலைப்படாதீங்க சம்பந்தி. இந்தத் தடவை முளை வந்தா நான் கிட்டயே போக மாட்டேன்."

"போகாம எப்படி?" என்றேன். "கிள்றதே உங்க வேலைதான்."