கெப்டனுக்கு ஒரு மேசை

வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். எழுத்து எனக்குப் பிள்ளைகள் படிக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தது. மெதுவாகத்தான் போகும்.

என் மகன் சிப்லிக்குப் பிளேனில் வேலை. ஓட்டுகிற வேலை அல்ல. ஏறுகிறவர்களுக்கு இடம் காட்டுவது, பெல்ட் போடச் சொல்வது, சாப்பாடு கொடுப்பது, பிறகு அந்தத் தட்டுகளைப் பொறுக்குவது. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கை முனைத் தேநீர்க் கடையில், ஆகாசத்தில் சாப்பாட்டுக்கடை போட்டவன் என்று அவனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சாப்பாட்டுக்கடையால்தான் என் மகள் றினோஸாவுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. நெல் மூடை தூக்கிய கூலியில் நான் அத்திவாரம் போட்டேன். அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு கல்லும் சிப்லியினுடையது.

அறுவடைக் காலத்தில் அவன் ஊருக்கு வந்தான். லீவு என்றான். முகத்தைப் பார்த்த அவன் உம்மா ஹாஜறா நம்பவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் விஷயத்தை எடுத்தாள். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பனி நிறுத்திவைத்திருந்தது.

நடந்தது இதுதான். அந்தக் கம்பனியில் பைலட்மார் போன வருடம் சண்டை பிடித்துச் சம்பளத்தைக் கூட்டிக்கொண்டார்கள். அந்தச் செலவை ஈடுகட்டவோ என்னவோ, சாப்பாடு கொடுக்கிற பிள்ளைகளுக்கு வெளியூரில் தங்கும்போது கிடைக்கிற படியைக் குறைத்தார்கள். அதற்கு முன்பே பைலட்மாருக்குத் தனிக் கார், தனி ஹோட்டல், இவர்களுக்கு வேன். கோடைப் புழுதி கிளம்பி ஒரு நாள் பிளேன் வளைகுடா நாடொன்றில் நின்றுவிட்டது. பைலட்மார் இருவருக்கும் அறை கிடைத்தது. சிப்லி கூட்டத்துக்கு அறை இல்லை என்று சொல்லி, விமான நிலையக் கதிரைகளில் விடிய விடிய இருக்க வைத்துவிட்டு, காலையில் அதே பிளேனில் வேலைக்கு ஏறச் சொன்னார்கள். கூட இருந்த ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். நித்திரை இல்லாத ஆள், அவசரம் என்று வந்தால் கதவைத் திறந்து சனத்தை இறக்க முடியாது, அதனால் ஏற மாட்டோம் என்று எல்லாருக்குமாகச் சிப்லி சொல்லியிருக்கிறான். பிளேன் பிந்திவிட்டது. காரணம் எதுவும் இல்லாமல் மறுத்தான், மற்றவர்களையும் கிளப்பிவிட்டான் என்று அந்தப் பிளேனை ஓட்டிய கெப்டன் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கெப்டன் வேறு யாருமில்லை. பெரிய வயல்காரரான நிந்தவூர் மீராசா போடியாரின் மகன் இம்ஷாத். போடியாரின் வயலில்தான் எனக்கு முதுகு வளைந்தது. அவருடைய நெல்லைத் தூக்கித்தான் என் தோளில் காய்ப்பு விழுந்தது. இம்ஷாத் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வரம்பு வழுக்குமென்று அவரைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

அவரும் லீவில் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், போடியாரிடம் போய் ஜும்ஆவுக்குப் பிறகு சாப்பிட வரச் சொல்லி அழைத்துவிட்டேன். சிப்லி வேண்டாம் என்று சொல்லியிருந்தான். விசாரணையில் தானே கதைத்துக்கொள்வதாகச் சொன்னான். எனக்கு அது பிள்ளைக் கதையாகப்பட்டது. நம்முடைய ஆள் ஒருவர் கையில் இருக்கும்போது எதற்கு விசாரணை என்று நினைத்தேன்.

எங்களுக்கு விருந்தென்றால் பாயில் வெள்ளைச் சீலை விரித்து, நடுவில் சஹன் வைப்போம். ஒரே பெரிய தட்டில் எல்லாருக்கும் சோறு. சுற்றி இருந்து, அவரவர் முன்னால் உள்ளதைத் தின்போம். நல்ல இறைச்சித் துண்டைப் பக்கத்தில் இருப்பவன் பக்கம் தள்ளிவிடுவோம். யாருடைய மகன் என்று சஹனில் பார்ப்பதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அன்று காலையில் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் மேசையும் இரண்டு கதிரையும் இரவல் வாங்கினேன்.

ஹாஜறா கேட்டாள். “என்னத்துக்கு மேசை? அவரும் நம்மட ஆள்தானே.”

பிளேன் ஓட்டுகிற மனிசனைத் தரையில் இருத்துவதா என்று அவளை அடக்கினேன்.

போடியாரும் கெப்டனும் பள்ளிவாசலிலிருந்து நேரே வந்தார்கள். கெப்டன் சாரமும் தொப்பியுமாக இருந்தார். சஹனைக் கண்டதும் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு பாயில் குந்தப் பார்த்தார். நான் கையைப் பிடித்து மேசைக்குக் கூட்டிப்போனேன். பரவாயில்லை, பாயிலேயே இருக்கிறேன் என்றார். ஆனால் போடியார் அதற்குள் ஒரு கதிரையில் இருந்துவிட்டார். தகப்பன் மேலே இருக்க மகன் கீழே இருக்க முடியுமா? கெப்டனும் இருந்தார்.

பாயில் என் மச்சான்மார் இருந்தார்கள். சிப்லியும் அவர்களோடு இருக்கப் போனான். நான்தான் அவனை எழுப்பினேன்.

“மகன், நீ கெப்டன் சேர்ட பக்கத்துல நில்லு. கைக்குத் தண்ணி ஊத்து. என்ன வேணுமெண்டு பாத்துக் குடு.”

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு எழுந்து கெண்டியையும் கை கழுவுகிற பேசினையும் எடுத்து வந்தான். துவாயை மடித்து முன்கையில் போட்டான். போடியாருக்கும் கெப்டனுக்கும் ஒரு சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றினான். அப்புறம் கறிப் பாத்திரங்களை ஏந்திக்கொண்டு, நான் ஒருநாளும் காணாத ஒரு நிமிர்வோடு நின்று, இடுப்பைக் கொஞ்சம் வளைத்துக் கேட்டான்.

“கெப்டன், கோழியா, மாடா?”

போடியார் விழுந்து விழுந்து சிரித்தார். பாயில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெப்டன் சிரிக்கவில்லை. சிப்லி பதிலுக்குக் காத்துக்கொண்டு அப்படியே வளைந்து நின்றான்.

கெப்டன் சோற்றில் கை வைக்காமல் மெல்லச் சொன்னார். “சிப்லி, அண்டைக்கி உங்களுக்கு றூம் குடுக்கல்ல எண்டு எனக்கு…”

நான் குறுக்கே விழுந்தேன். பழைய கதையைக் கிளறப் போகிறார், கோபம் வரப்போகிறது என்று பயம் பிடித்துவிட்டது. மேசைக்கு முன்னால் போய்க் குனிந்தேன்.

“சேர், அவன் தெரியாமச் செஞ்சிட்டான். பிழை அவன்ட. அவனுக்காக நான் மாப்புக் கேக்கன். மனசுல வெச்சிக்காதீங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. என் கை தானாகவே அவர் முழங்கால் வரைக்கும் போயிற்று.

போடியார்தான் முதலில் வாய் திறந்தார். தகப்பனே மன்னிப்புக் கேட்டுவிட்டான், இனி அந்தக் கதையை விடு என்று மகனிடம் சொன்னார். கெப்டன் ஒரு பெருமூச்சு விட்டார். வாய்வரை வந்த ஏதோ ஒன்று அந்த மூச்சோடு திரும்பிப் போனதை நானே பார்த்தேன். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

“சரி ஆதம் காக்கா. நான் ஒண்டும் மனசுல வெச்சிக்கல்ல.” அண்ணன் முறை வைத்து அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார்.

சிப்லி கடைசிவரை நின்று, முடிந்ததும் திரும்பவும் கைக்குத் தண்ணீர் ஊற்றினான். அவனுக்கென்று சஹனில் ஒதுக்கியிருந்த சோற்றை ஹாஜறா கோழிக்குப் போட்டாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மேசையைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மற்றதை நான். ஒழுங்கை ஒடுக்கமானபடியால் நான் பின்பக்கமாக நடக்க வேண்டியிருந்தது. அவன் முகம் எனக்கு நேரே இருந்தது.

“வாப்பா, அவர் சொல்ல வந்தார்.”

“என்னத்த?”

“எங்களுக்கு றூம் குடுக்காதது தனக்குத் தெரியுமெண்டு. விசாரணையில அவர் அத மட்டும் சொன்னாப் போதும், நான் தப்பிருவன். அதுக்குத்தான் வந்திருக்கார். நீங்க மாப்புக் கேட்டு அவர வீட்ட அனுப்பிட்டீங்க.”

“நான் ஒனக்காகத்தானே மனே கேட்டன்.”

“தெரியும் வாப்பா. பின்னால கல்லுக் கிடக்கு, பாத்து வாங்க.”

கல்லைத் தாண்டினோம். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சாப்பாடு குடுக்கிறதுல எனக்கு வெக்கமில்ல. அது என்ட வேல. அங்க அதுக்குச் சம்பளம் இரிக்கி. ஆனா நம்மட வீட்டுல…”

முடிக்கவில்லை. வாத்தியார் வீட்டுக் கேற் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் சைக்கிளை எடுத்தேன். காரைதீவைத் தாண்டி நிந்தவூர் போகும்வரை, சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முன் வாசலால் போக வேண்டும், சேர் என்று சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். போடியார் வளவுக்குப் பின்னால் வேலையாட்கள் நுழைகிற கடப்பு ஒன்று இருக்கிறது. சைக்கிளை விட்டு இறங்கிப் பார்க்கிறேன், அந்தக் கடப்படியில்தான் நிற்கிறேன்.

முற்றத்தில் நெல் மூடைகள் கிடந்தன. வானம் கறுத்திருந்தது. போடியார் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“நல்ல நேரத்துல வந்தாய் ஆதம். ஆக்களக் காணல்ல. மழ வரப்போகுது, இத உள்ளுக்க ஏத்து.”

வந்த காரணத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கை மூடையின் காதைப் பிடித்துவிட்டது. தோளில் ஏறிவிட்டது. அந்த நேரம் கெப்டன் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார். இறக்கி வைத்தால் இந்தத் துணிவும் இறங்கிவிடும் என்று தெரிந்தது. மூடையோடேயே நின்று சொன்னேன்.

“தம்பி, நேத்துக் கேட்ட மாப்ப நான் திருப்பி எடுக்கன். அது என்ட வாயால வந்தது. அவன் பிழை செய்யல்ல. அது ஒங்களுக்குந் தெரியும்.”

போடியார் என்ன கதைக்கிறாய் என்று அதட்டினார். கெப்டன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“மூடைய இறக்குங்க காக்கா.”

“நீங்க சொல்லுங்க. பொறகு இறக்கன்.”

அவர் கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்களுக்குச் சம்பளம் கூட்டின நேரம் அது. அவங்கட பக்கம் கதைச்சா எங்கட ஆக்களே என்ன ஒதுக்கிருவாங்க. பயத்துல எழுதிட்டன்.” கழுத்து நரம்பு வலிக்கத் தொடங்கியது. நான் அசையவில்லை. “சொல்லுறன். விசாரணையில சொல்லுறன்.”

துளி விழத் தொடங்கிற்று. நான் அந்த மூடையை உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நெல் நனையும் என்று எல்லா மூடைகளையும் ஏற்றினேன். போடியார் வீட்டுக் குசினிப் பக்கத்தில், கூலியாட்களின் கிளாசில் தேத்தண்ணி தந்தார்கள். குடித்தேன். கெப்டன் அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொன்னபடி அவர் விசாரணையில் சொல்லிவிட்டார். சிப்லிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கெப்டனோடு மற்றப் பைலட்மார் இப்போது அவ்வளவு கதைப்பதில்லையாம். றினோஸாவின் வீட்டுக்குப் பூச்சு வேலை நடக்கிறது.

செய்தி வந்த அன்று சிப்லி கோல் எடுத்தான். குரலில் சிரிப்பு இருந்தது.

“வாப்பா, நீங்க அவங்கட வீட்ட போய்க் கேட்டதாக் கெப்டன் சொன்னார். எப்பிடிக் கேட்டீங்க?”

வேறு ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, அவ்வளவுதான் என்றான்.

“முன் வாசலால போய், நேர நிண்டு கேட்டன்” என்றேன்.

அவன் அதைப் பக்கத்தில் இருந்த கூட்டாளிமாருக்குச் சொல்வது எனக்குக் கேட்டது. எங்கட வாப்பா முன் வாசலால போய், நேர நிண்டு கேட்டாராம் என்று ஒவ்வொருத்தனுக்கும் சொன்னான். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தோளைத் தடவியபடி இருந்தேன்.